சனிக்கிழமை முழுக்கு: தமிழக ஆண்களின் தலைக்குளியல் வரலாறு

பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுகூடும் இடத்தில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் அமைந்துள்ள திருமுக்கூடல் என்னும் ஊரின் பெருமாள் கோயில் சுவரில், வீரராசேந்திர சோழனின் (ஆட்சிக்காலம் 1063–1070) நீண்ட கல்வெட்டு ஒன்று காணப்படுகிறது. அக்கோயிலைச் சார்ந்து நடைபெற்ற கல்லூரிக்கும், அதில் பயின்ற மாணவர்களின் விடுதிக்கும், 'ஆதுலர் சாலை' எனப்பட்ட 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனைக்கும் ஆண்டுதோறும் ஆகும் செலவினங்களை அது ஒவ்வொன்றாகக் குறிப்பிடுகிறது. விடுதி மாணவர்களுக்குரிய உணவு, படுக்கப் பாய், இரவு விளக்கெரிக்க எண்ணெய் ஆகியவற்றோடு, சனிக்கிழமைதோறும் அவர்கள் தலைக்குத் தேய்த்துக் குளிப்பதற்கான எண்ணெயும் அந்தச் செலவுக் கணக்கில் இடம்பெற்றுள்ளது. ஆண்கள் வாரம் ஒருமுறை எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகும் வழக்கம், அரசு ஆவணத்தில் எழுதிவைக்கும் அளவுக்கு அன்றே நிலைபெற்றிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. மாணவனுக்குச் சோறும் விளக்கும் எவ்வளவு இன்றியமையாதனவோ, தலைக்கு எண்ணெயும் அவ்வளவு இன்றியமையாதது என்று அந்த அறக்கொடையை ஏற்படுத்தியவர்கள் கருதியிருக்கிறார்கள்.

இலக்கியம் இந்த வழக்கத்தைப் பெரும்பாலும் பெண்களின் கூந்தலோடு சேர்த்தே பேசுகிறது. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில், பத்து வகைத் துவர்களும் (துவர்ப்புச் சுவையுடைய காய், பட்டை முதலியவை) ஐந்து வகை விரைகளும் (நறுமணப் பொருள்கள்) முப்பத்திரண்டு வகை ஓமாலிகைகளும் (நீராட்டுக்குரிய வாசனைச் சரக்குகள்) ஊறிய நீரில் மாதவி தன் கூந்தலைக் கழுவியது விரிவாகச் சொல்லப்படுகிறது. ஆண்களின் தலைமுடியைப் பற்றி அத்தகைய விரிவான வருணனை கிடைப்பதில்லை. எனவே ஆண்களின் வழக்கத்தை அறிய விரும்புவோர் கல்வெட்டுகளையும், மருத்துவ நூல்களையும், வீட்டுப் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லிவந்த விதிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டியுள்ளது.

அவ்விதிகளுள் முதன்மையானது நாள் பற்றியது. ஆண்கள் புதனும் சனியும், பெண்கள் செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும் என்பது தமிழகம் முழுவதும் அறியப்பட்ட நெறி. சிறுவர்களுக்குக் கற்பிக்கப்பட்ட ஔவையாரின் ஆத்திசூடியிலும் சனிக்கிழமை நீராடும் அறிவுரை உள்ளது என்றே பலரும் பொருள் கொள்கின்றனர். எள்ளும் எண்ணெயும் சனிக் கோளுக்கு உரியவை என்னும் சோதிட நம்பிக்கை இதற்குக் காரணமாகச் சொல்லப்படுவதுண்டு. ஆயினும், சித்த மருத்துவ ஆசிரியர் தேரையர், நோய் அணுகாமல் வாழும் முறைகளைத் தொகுத்துச் சொல்லுமிடத்தில் நான்கு நாள்களுக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கைத் தவறாமல் மேற்கொள்ளச் சொல்வதை இதனோடு வைத்துப் பார்த்தால், வேறொரு கணக்குத் தெரிகிறது. புதனிலிருந்து சனிக்கு மூன்று நாள். சனியிலிருந்து அடுத்த புதனுக்கு நான்கு நாள். மருத்துவ விதியை ஏழு நாள் கொண்ட வாரத்துக்குள் பொருத்தினால் கிடைப்பது ஏறக்குறைய இந்த இரண்டு நாள்கள்தாம். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி நாள்கள் வைத்ததற்கும், கூட்டுக் குடும்பத்தில் வெந்நீருக்கான விறகும், கிணற்றிலிருந்து இறைக்க வேண்டிய தண்ணீரும், சீயக்காய் அரைக்க வேண்டிய உழைப்பும் ஒரே நாளில் குவியாமல் இருக்க வேண்டும் என்ற நடைமுறைத் தேவையே அடிப்படையாக இருந்திருக்கக்கூடும்.

முழுக்கின் செய்முறை அரை நாளை எடுத்துக்கொள்ளும் ஒன்றாகவே இருந்தது. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயில் நாலைந்து மிளகும் சிறிது சீரகமும் போட்டுப் பொரியும்வரை காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டில் உச்சந்தலையில் வைத்துத் தேய்த்து, பின்னர் காது, தொப்புள், உள்ளங்கால் என உடல் முழுவதும் தடவி, கோவணத்தோடு இளவெயிலில் அரைமணி நேரத்துக்கு மேல் ஊறுவது வழக்கம். தென்னை மிகுந்த கன்னியாகுமரிப் பகுதியில் நல்லெண்ணெயின் இடத்தைத் தேங்காய் எண்ணெய் பிடித்திருந்தது. எண்ணெய் ஊறிய பின் வெந்நீரும் சீயக்காயும் வரும். அன்று பகலில் உறங்கக் கூடாது, தயிர் முதலிய குளிர்ச்சியான உணவுகளைத் தவிர்க்க வேண்டும், மிளகு ரசம் நல்லது என்பன போன்ற பத்தியங்களும் உடன் இருந்தன. வடமொழி மருத்துவ நூலான அஷ்டாங்க இருதயம், வெந்நீரைக் கழுத்துக்குக் கீழேதான் ஊற்ற வேண்டும், தலையில் ஊற்றினால் முடிக்கும் கண்ணுக்கும் கேடு என்று எச்சரிக்கிறது. தமிழகத்தின் எண்ணெய் முழுக்கு இந்த எச்சரிக்கையைப் பொருட்படுத்தவில்லை. நல்லெண்ணெயின் பிசுக்குப் போக வெந்நீர் வேண்டும் என்ற அனுபவ அறிவே இங்கு மேலோங்கியது. தீபாவளி விடியலில் வீட்டிலுள்ள ஆண், பெண், குழந்தை அனைவரும் எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிப்பது இன்றும் நிலைத்திருக்கிறது. ஈழத் தமிழர் சித்திரைப் புத்தாண்டில் பூக்களும் இலைகளும் மருந்துச் சரக்குகளும் சேர்த்துக் காய்ச்சிய மருத்துநீரைத் தலையில் வைத்து நீராடுவதும் இதே மரபின் மற்றொரு கிளையாகும்.

இந்த முறையின் மதிப்பை உணர, எண்ணெயை நீக்கப் பயன்பட்ட பொருள்களைக் கூர்ந்து நோக்க வேண்டும். சீயக்காய் என்பது மலைக்காடுகளில் மற்ற மரங்களைப் பற்றி ஏறும் முள்கொடியின் காய். மலைவாழ் மக்கள் சேகரித்துக் கொண்டுவரும் அந்தக் காயை வெயிலில் காயவைத்து, பச்சைப்பயறு, வெந்தயம், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், காய்ந்த எலுமிச்சைத் தோல், ஆவாரம்பூ ஆகியவற்றோடு சேர்த்து அரைவை மில்லில் கொடுத்து அரைத்து வைத்துக்கொள்வது வீடுகளின் வழக்கம். கொங்கு நாட்டில் இதே வேலையை அரப்பு செய்தது. உசில் மரத்தின் இலையை உலர்த்திப் பொடித்தால் கிடைப்பது அரப்புத்தூள். அந்த மரம் வறண்ட நிலத்தில் தானாக வளர்வதால், மலைச் சீயக்காயை விலைகொடுத்து வாங்க இயலாத குடும்பங்களுக்கும் அது எளிதில் கிடைத்தது. பூந்திக்கொட்டையும் பல இடங்களில் பயன்பட்டது. இவை அனைத்திலும் பொதுவாக இருப்பது சப்போனின் எனப்படும் நுரைக்கும் வேதிப்பொருள். அதன் மூலக்கூற்றின் ஒரு பகுதி நீரையும் மறுபகுதி எண்ணெயையும் நாடுவதால், தலையிலுள்ள எண்ணெயை நுண்துளிகளாகப் பிரித்து நீரோடு கலந்து வெளியேற்றுகிறது.

சோப்பும் இதையே செய்கிறது என்றாலும், இரண்டுக்கும் முக்கியமான வேறுபாடு உண்டு. கொழுப்பையும் காரத்தையும் சேர்த்துச் செய்யப்படும் சோப்பு, கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த கடினநீரில் நுரைக்காமல் திரிந்து, கழுவினாலும் போகாத வெண்படலமாக முடியில் ஒட்டிக்கொள்கிறது. தமிழகத்தின் பல மாவட்டங்களில் கிணற்று நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும் இத்தகைய உப்புத் தண்ணீராகவே இருப்பதால், அதில் திரியாத சீயக்காயும் அரப்பும் இந்த மண்ணுக்கு ஏற்ற தேர்வாக அமைந்தன. சோப்பு காரத்தன்மை உடையது. மனிதத் தோலின் மேற்பரப்போ சற்றுப் புளிப்புத்தன்மை கொண்டது. சீயக்காய்க் கரைசலும் புளிப்புப் பக்கமே சாய்ந்திருப்பதால் தோலின் இயல்பை அதிகம் குலைப்பதில்லை. அதன் குறையையும் சொல்ல வேண்டும். அது எண்ணெயை முழுமையாக அகற்றுவதில்லை. கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். நன்றாக அலசாவிட்டால் தூள் முடிக்கிடையில் தங்கிவிடும். நீண்ட குடுமியை அவிழ்த்து, நீரை மொண்டு மொண்டு ஊற்றி அலசும் பொறுமை இருந்தவர்களுக்கே அது முழுப் பயனைத் தந்தது.

பழங்காலத்தில் தலைத்தோல் நோய்களே இல்லை என்று சிலர் பெருமிதத்தோடு சொல்வது வரலாற்றோடு பொருந்தாது. பொடுகுக்கு மருந்தாகும் பொடுதலை என்னும் பூண்டின் சாற்றை எண்ணெயில் காய்ச்சிய பொடுதலைத் தைலம் சித்த மருத்துவத்தில் இடம்பெற்றிருப்பதே, அந்தத் தொல்லை பழமையானது என்பதற்குப் போதிய சான்றாகும். பேனும் படையும் ஒருவர் சீப்பிலிருந்து இன்னொருவர் தலைக்குப் பரவிக்கொண்டுதான் இருந்தன. இத்தகைய தொல்லைகளை முதலில் கண்டறியும் நிலையில் இருந்தவர் நாவிதர். முன்தலையை மழித்துப் பின்புறம் குடுமி வைக்கும் வழக்கம் இருந்த காலத்தில், ஊரிலுள்ள ஆண்கள் ஒவ்வொருவரின் தலைத்தோலையும் குறிப்பிட்ட இடைவெளியில் கையால் தொட்டும் கண்ணால் பார்த்தும் அறிந்தவர் அவர் ஒருவரே. திருமுக்கூடல் மருத்துவமனையின் பணியாளர்களுள் மருத்துவரோடும் அறுவை மருத்துவரோடும் நாவிதரும் இடம்பெற்றிருந்தார். சவரம், கட்டி கீறுதல், மகப்பேறு பார்த்தல் என அந்தச் சமூகத்தார் ஆற்றிய மருத்துவத் தொண்டு, சாதிப் படிநிலையில் அவர்களுக்கு இழைக்கப்பட்ட இழிவால் மறைக்கப்பட்டுவிட்டது. அந்த அநீதியைக் குறிப்பிடாமல் தலைமுடியின் வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குடுமியே விவாதப் பொருளாயிற்று. கிறித்தவம் தழுவியவர்கள் குடுமியைக் களைய வேண்டுமா என்று மறைப்பணியாளர்களிடையே எழுந்த கருத்து மோதலில், அது சமயச் சின்னம் அன்று என்று வாதிட்டுக் கால்டுவெல் 1867இல் தனி நூலே எழுதினார். அந்த விவாதம் தீருமுன்பே, பள்ளியும் அலுவலகமும் நகர வாழ்வும் 'கிராப்பு' எனப்பட்ட குட்டை முடியைப் பரப்பின. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் பெரும்பாலான ஆண்களின் தலை மாறிவிட்டது. இதன் விளைவு குளியலறையில் உடனே தெரிந்தது. குட்டை முடி சிக்குவதில்லை, விரைவில் உலர்கிறது, ஆகவே சீயக்காய்க்கும் நீண்ட அலசலுக்கும் இருந்த கட்டாயம் நீங்கிற்று. இந்தியாவுக்கு 1888இல் சன்லைட் சோப்பும் 1895இல் லைப்பாய் சோப்பும் வந்திருந்தன. உடலுக்குப் போடும் சோப்பையே தலைக்கும் போட்டு, நாள்தோறும் இரண்டு சொம்புத் தண்ணீரில் குளியலை முடிக்கும் பழக்கம் ஆண்களிடம் வேரூன்றியது. ஆனால் எண்ணெய் போகவில்லை. முடி படிந்து நிற்கவும், வகிடெடுத்துச் சீவவும், சோப்பு வறட்டிய முடியைப் பளபளப்பாக்கவும் நாள்தோறும் தேங்காய் எண்ணெய் தடவுவது ஒழுங்கான ஆணின் அடையாளமாயிற்று.

தலைக்குளியலின் வரலாற்றில் மிகப் பெரிய திருப்பம் இதுவே. ஆயினும் இதைப் பலரும் கவனிப்பதில்லை. முழுக்கு மரபில் எண்ணெய் என்பது அரைமணி, ஒருமணி ஊறிய பிறகு அன்றே நீக்கப்பட வேண்டிய பொருள். புதிய பழக்கத்தில் அது நாள் முழுவதும் தலையில் தங்கும் பொருளாயிற்று. எண்ணெயும் சீயக்காயும் இணைந்திருந்த முறையில் ஒரு பாதி மட்டும் நிலைத்து, மற்றொரு பாதி கழன்றுபோனது.

செயற்கைச் சலவைப் பொருளால் ஆன முதல் சாம்பு, டிரீன் என்னும் பெயரில் 1934இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. கடினநீரிலும் நுரைத்து, படலம் விடாமல் கழுவிச் செல்வது அதன் சிறப்பு. இந்தியாவில் 1964இல் சன்சில்க் அறிமுகமானாலும், கண்ணாடிப் புட்டியில் வந்த சாம்பு வசதி படைத்த நகரக் குடும்பங்களைத் தாண்டவில்லை. அதை மாற்றியது கடலூர். மருந்துப் பொருள்களைச் சிறு பொதிகளாக அடைத்து விற்ற சின்னிகிருஷ்ணன், செல்வர் பயன்படுத்துவது கூலித் தொழிலாளிக்கும் எட்ட வேண்டும் என்ற எண்ணத்தோடு சிற்றுறைகளில் பொருள்களை அடைக்கும் முறையை உருவாக்கினார். அவர் மறைந்த பின் அவருடைய மகன்கள் வெல்வெட் சாம்பை உறைகளில் கொண்டுவந்தனர். அவர்களுள் ஒருவரான சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலீட்டில் தனியே தொடங்கிய நிறுவனம் சிக் சாம்பை வெளியிட்டது. எந்த நிறுவனத்தின் காலி உறைகளைக் கொண்டுவந்தாலும் ஒரு சிக் உறை இலவசம் என்ற திட்டமும், பின்னாளில் வந்த 50 காசு விலையும், பெட்டிக்கடைச் சரத்தில் சாம்பைத் தொங்கவிட்டன. அதுவரை சாம்பையே தொடாதிருந்த சிற்றூர் ஆண்கள், சனிக்கிழமைக்கு ஓர் உறை வாங்கும் வாடிக்கையாளராயினர். புட்டி வாங்க முடியாதவனையும் நுகர்வோனாக மதித்த இந்தக் கண்டுபிடிப்பு தமிழகத்தின் தொழில் வரலாற்றில் பெருமைக்குரியது. அதன் காலி உறைகள் வாய்க்கால்களை அடைத்துக் கிடப்பது அதன் மறுபக்கம்.

சாம்பு எல்லார்க்கும் எட்டிய பின்னும் பொடுகு குறையாததற்கான காரணம் தலைத்தோலின் இயல்பில் உள்ளது. மயிர்க்கால்களை ஒட்டியுள்ள நெய்ச்சுரப்பிகள் சீபம் என்னும் கொழுப்பை இடையறாது சுரக்கின்றன. ஆண்மை இயக்குநீர்கள் அச்சுரப்பைத் தூண்டுவதால், பூப்புப் பருவத்துக்குப் பின் ஆண்களின் தலையில் எண்ணெய்ப்பசை கூடுதலாக இருக்கும். செதில் உதிரும் தலைகளில் ஒருவகை நுண்ணுயிரியைப் பிரெஞ்சு மருத்துவர் மலசே 1874இல் விவரித்தார். அவர் பெயரால் மலசீசியா என்று வழங்கும் அந்த ஈஸ்ட் பூஞ்சை, ஏறக்குறைய எல்லா மனிதர் தலையிலும் வாழ்கிறது. தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலங்களைத் தானே உருவாக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. ஆய்வகத்தில் அதை வளர்ப்பதற்கே ஊடகத்தின் மேல் ஆலிவ் எண்ணெய் ஊற்ற வேண்டியிருக்கிறது. தலையிலுள்ள கொழுப்பை அது உடைத்து உண்டபின் எஞ்சும் ஒலியிக் அமிலம், ஏற்புத்தன்மை உள்ளவர்களின் தோலை எரிச்சலூட்டி, ஏறத்தாழ ஒரு மாதத்தில் நிகழ வேண்டிய தோல் உதிர்வை விரைவுபடுத்துகிறது. அவ்வாறு திரளாக உதிரும் செதிலே பொடுகு. அதைத் தலை வறண்டதன் அறிகுறி என்று எண்ணி மேலும் எண்ணெய் தடவுபவர், அந்தப் பூஞ்சைக்கே உணவிடுகிறார்; செதில்கள் எண்ணெயில் படிந்து கண்ணுக்கு மறைவதால், நோய் தணிந்ததாகச் சில மணி நேரம் தோன்றுகிறது.

எண்ணெய்க்கு உரிய நற்பெயரையும் மறுப்பதற்கில்லை. கழுவுவதற்கு முன் தேங்காய் எண்ணெய் தடவினால் முடித்தண்டிலிருந்து புரதம் இழக்கப்படுவது குறைகிறது என்று மும்பை ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆனால் முடித்தண்டு உயிரற்றது, தலைத்தோல் உயிருள்ளது. முன்னதற்கு நன்மை செய்வது பின்னதற்கும் நன்மை செய்யும் என்று கொள்வதில்தான் தவறு நேர்கிறது. அவ்வாறே, சாம்பு போட்டால் வழுக்கை விழும் என்று ஆண்களிடையே நிலவும் அச்சத்துக்கும் அடிப்படை இல்லை. வழுக்கைக்கு ஆண்மை இயக்குநீரும் மரபுவழியும் காரணம் என்பதை ஜேம்ஸ் ஹாமில்டன் 1942இல் வெளியிட்ட ஆய்வு நிறுவிவிட்டது. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயல்பு. தலைக்குக் குளிக்கும்போது கையோடு வருபவை முன்பே வேரிலிருந்து விடுபட்டு நின்றவை. வாரம் ஒருமுறை மட்டும் குளிப்பவருக்கு அவை ஒரே நாளில் சேர்ந்து வருவதால் அச்சம் பெரிதாகிறது.

ஆகவே எண்ணெய் முழுக்கை மூடப்பழக்கம் என்று தள்ளுவதும், எல்லா நோய்க்கும் மருந்து என்று போற்றுவதும் பிழை. தலைத்தோல் நலமாக உள்ளவர்கள் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து ஊறி, சீயக்காயோ அரப்போ மென்மையான சாம்போ போட்டு அன்றே அலசி நீக்கும் பழைய முறையைத் தாராளமாகத் தொடரலாம்; வியர்வை மிகுந்த உழைப்பில் இருப்பவர்களும் தலைக்கவசம் அணிந்து வண்டி ஓட்டுபவர்களும் வாரத்தில் இரண்டு மூன்று முறை தலைக்குக் குளிப்பது நல்லது. அரிப்பும் செதிலும் உள்ளவர்கள் எண்ணெயை நிறுத்திவிட்டு, கீட்டோகோனசோல் அல்லது சிங்க் பைரித்தியோன் கலந்த மருந்துச் சாம்பை வாரம் இருமுறை, தலைத்தோலில் சில நிமிடம் ஊறவிட்டு அலச வேண்டும். நான்கு வாரத்துக்குப் பின்னும் குணம் தெரியாவிட்டால், கைமருந்துகளை அடுக்கிக்கொண்டிராமல் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.